சம்பளப் பட்டியலில் இல்லாத கனகாம்பரம்

செவந்தி வந்து கேட்டைத் தட்டியபோது தமிழ்செல்வன் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். குவைத்தில் பல வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். புதுக்கோட்டை கீழ ராஜவீதிக்குப் பின்னால் இருக்கும் இந்த வீட்டுக்கு அவரைத் தேடி யாரும் வருவதில்லை. வருகிறவர்கள் எல்லாம் அவர் மனைவி திலகவதியைத்தான் கேட்பார்கள்.

"திலகவதி அக்கா வீடு இதுதானேங்க?"

"இதுதாம்மா. உள்ள வாங்க."

"உக்காந்து பேச நேரம் இல்லண்ணே. இன்னைக்கு மூணு மணிக்கு கமிட்டி கூடுது. நான் செய்யாத ஒண்ண செஞ்சேன்னு எல்லார் முன்னாடியும் ஒத்துக்கச் சொல்றாங்க."

முப்பத்தைந்து வயதிருக்கும் அவளுக்கு. அழுத முகமாகத் தெரியவில்லை. இரண்டு நாள் தூங்காத முகம். கழுத்தை நிமிர்த்தி, பேசுகிறவரை நேராகப் பார்த்துப் பேசினாள். உள்ளேயிருந்து வந்த திலகவதி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "மூணு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. மொதல்ல தண்ணி குடிங்க. அப்புறம் ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க" என்றார்.

செவந்தி சொன்னது இதுதான். ஆலங்குடிப் பக்கம் பூ விவசாயிகள் ஒன்றுசேர்ந்து ஒரு நிறுவனம் நடத்துகிறார்கள். அதில் இரண்டு குளிர் அறைகள். முதல் அறையில் மல்லி, இரண்டாவதில் மற்ற பூக்கள். இரண்டுக்கும் செவந்திதான் சூப்பர்வைசர். போன வாரம் பெரிய முகூர்த்தத்துக்கு முந்தின நாள், முதல் அறை நிறைய மல்லி மூட்டை அடுக்கியிருந்தது. மறுநாள் விடிந்து அவள் கதவைத் திறந்தபோது அனல் அடித்தது. மல்லி மொத்தமும் வெந்துபோய்க் கிடந்தது. முந்தின சாயங்காலமே யாரோ குளிரை நிறுத்தியிருந்தார்கள்.

"கம்ப்யூட்டர் ரிப்போர்ட் எடுத்துப் பாத்தாங்க. நிறுத்துனது செவந்தின்னு போட்டிருக்கு. அந்த நேரத்துல நான் புதுக்கோட்டை பஸ்ல வந்துக்கிட்டிருக்கேன். ஆனா போன்லேருந்தே நிறுத்தலாம்ல? பஸ்ல இருந்தேங்கிறது ஒண்ணுக்கும் ஆகல. சாவிய வாங்கிக்கிட்டு வேலைக்கு வராதன்னுட்டாங்க."

"யாரு ரிப்போர்ட் எடுத்தது?"

"மேனேஜர் சரவணக்குமார் சார். நல்ல மனுசன்தான். 'தெரியாம கை பட்டுருச்சுன்னு சொல்லிருங்க செவந்தி, பேக்கிங்ல வேலை போட்டுத் தரச் சொல்றேன்'னாரு. நான் முடியாதுன்னுட்டேன்."

"ஏன் முடியாது?" தமிழ்செல்வன் இடையில் கேட்டார். "வேலையாவது மிஞ்சுமே."

"அந்த மல்லியப் பறிச்சது எங்க தெருக்காரங்கண்ணே. விடியறதுக்கு முன்னாடி டார்ச் கட்டிக்கிட்டுப் பறிச்சது. என் கையால அது கெட்டுச்சுன்னு நானே சொன்னா, அப்புறம் அந்தத் தெருவுல நான் எப்படி நடப்பேன்?"

தமிழ்செல்வன் கார் துடைத்த துணியை மடித்து வைத்தார்.

திலகவதியின் தொழிலைத் தமிழ்செல்வன் மற்றவர்களுக்கு விளக்குவதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பெரிய நிறுவனங்களின் கணினிகள் தாம் செய்வதையெல்லாம் நொடிக்கு நொடி எழுதிக்கொண்டே இருக்கும். அதற்கு லாக் என்று பெயர். மூச்சு விடாமல் பேசுகிறவன் பேச்சைப் போல அந்த எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு சம்பவம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கணினிக்கு விதி எழுதிக் கொடுத்து, தனித்தனிப் பதிவாகப் பிரித்துக் காட்ட வைப்பதுதான் திலகவதியின் வேலை. வெளிநாட்டு வங்கி ஒன்றுக்கு இந்த வீட்டு மாடியறையிலிருந்தே அவர் அதைச் செய்கிறார் என்று சொல்லும்போதெல்லாம் தமிழ்செல்வனின் குரல் கொஞ்சம் கூடிவிடும். கறம்பக்குடியில் ஒரு பால் நிலையத்துக் கணினி காட்டிய தப்பான கணக்கைத் திலகவதி சரிசெய்து கொடுத்தது அக்கம்பக்கத்து ஊர்களிலெல்லாம் பேச்சாகியிருந்தது. அதைக் கேள்விப்பட்டுத்தான் செவந்தியும் வந்திருந்தாள்.

"அந்த ரிப்போர்ட் ஒங்ககிட்ட இருக்கா?"

செவந்தி கைபேசியை நீட்டினாள். நிறுவனத்தின் செயலி இன்னும் அவளுக்குத் திறந்தது. திலகவதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பெயர் என்ற கட்டத்தில் 'செவந்தி'. அதற்கு எதிரே, 'லோடு ஏறியாச்சு. நிறுத்தம்: அறை 1.'

"எந்த லோடு ஏறுச்சு?"

"ரெண்டாவது ரூம்ல இருந்தது சாயங்காலமே திருச்சிக்குப் போயிருச்சுக்கா. அந்த ரூம் காலி. மல்லி ஏறவே இல்ல, காலைலதான் ஏத்தணும். அப்ப நான் எதுக்கு ஏறியாச்சுன்னு எழுதப்போறேன்? கேட்டேன். யாரும் காது குடுக்கல."

"அன்னைக்குக் காலைல ரெண்டாவது ரூம் எப்படி இருந்துச்சு?"

செவந்தி கொஞ்சம் யோசித்தாள். "ஜில்லுனு இருந்துச்சு. தப்பிச்ச மூட்டை ஏதாவது இருந்தா அங்கிட்டு மாத்தலாம்னு ஓடிப்போய்த் திறந்தேன். காலி ரூம் ஓடிக்கிட்டு இருக்கு, நெறைஞ்ச ரூம் நின்னு கெடக்கு. தலையில அடிச்சுக்கிட்டேன்."

"வழக்கமா காலியான ரூமை நிறுத்திருவீங்களா?"

"உடனே நிறுத்திருவோம். கரன்ட் வீணாகக் கூடாதுன்னு தலைவர் உத்தரவு."

திலகவதி தலையை அசைத்துக்கொண்டார். தமிழ்செல்வனுக்கு அந்தத் தலையசைப்பு தெரியும். ஏதோ ஒன்று அகப்பட்டுவிட்டது. ஆனால் கேட்டால் சொல்லமாட்டார்.

"கார எடுங்க. ஆலங்குடிக்குப் போவோம். செவந்தி, நீங்க முன்னால உக்காருங்க. எனக்கு இந்தப் போன் வேணும், பின்னால உக்காந்து இந்த மாச ரிப்போர்ட் முழுக்கப் படிக்கணும்."

கார் ஊரைத் தாண்டி முந்திரித் தோப்புகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து கேள்வி வந்தது.

"செவந்தி, மத்த இடத்துலெல்லாம் ஒங்க பேரு 'அ.செவந்தி'ன்னு இருக்கு. நிறுத்துன பதிவுல மட்டும் இனிஷியல் இல்லையே?"

"நான் அதைப் பாக்கலக்கா. எங்க எல்லாருக்கும் இனிஷியலோடதான் பேர் பதிஞ்சிருக்கு."

"சரி. ஒங்க ஆபீஸ்ல கனகாம்பரம்னு யாரும் வேலை பாக்குறாங்களா?"

"அப்படி ஒரு ஆளே கெடையாதே. சம்பளம் வாங்குறவங்க எல்லாரையும் எனக்குத் தெரியும்."

"மாசத் தொடக்கத்துல கனகாம்பரம்னு ஒருத்தர் ரெண்டாவது ரூம் கதவைத் திறந்ததா போட்டிருக்கு. 'தனியா வைக்கணும்'னு வேற சொல்லியிருக்காரு. இவருக்கும் இனிஷியல் இல்ல."

தமிழ்செல்வன் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். அவர் மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. "திலகா, இது போலிக் கணக்கு. எவனோ ஒருத்தன் கனகாம்பரம்னு ஒரு பேர்ல உள்ள நுழைஞ்சு ஒத்திகை பாத்திருக்கான். அடுத்து இந்தப் பிள்ளை பேர்ல ஒரு போலிக் கணக்கு. அவசரத்துல இனிஷியல் போட மறந்துட்டான். கனகாம்பரம் யாருன்னு கண்டுபிடிச்சா ஆள் சிக்கிருவான்."

"நல்லாத்தான் யோசிக்கிறீங்க" என்றார் திலகவதி. "ஆனா ஒண்ணு இடிக்குது. செவந்தி பேர்ல நிறுத்துன அதே நொடியில சரவணக்குமாரும் ஒரு பதிவு போட்டிருக்காரு. ஒரு நொடி கூட முன்னப்பின்ன இல்ல. கனகாம்பரத்துக்கும் அப்படித்தான். அவர் பதிவுக்கும் அதுக்கு முந்தின பதிவுக்கும் ஒரே நொடி. முந்தினது யாருதுன்னு நெனக்கிறீங்க?"

"சரவணக்குமாரா?"

"அவரேதான்."

"அப்ப ரெண்டு பேரும் கூட்டு" என்றார் தமிழ்செல்வன், ஸ்டியரிங்கைத் தட்டி. திலகவதி ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

நிறுவனத்தின் அலுவலகம் ஆலங்குடியைத் தாண்டிச் சாலையோரம் இருந்தது. தலைவர் ஆண்டியப்பன் அறுபதைக் கடந்தவர். வெள்ளை வேட்டி, கனத்த மீசை. இந்தக் குளிர் அறைகளைக் கொண்டுவர இரண்டு வருடம் அலைந்தவர். பூ அழிந்ததைவிட, தான் கட்டிய இடத்தில் அழிந்ததுதான் அவரைச் சுட்டிருந்தது. திலகவதி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, லாக்கின் அசல் கோப்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

"ரிப்போர்ட்டுதான் இருக்கேம்மா. அதுக்கு மேல என்ன அசல்?"

"ரிப்போர்ட்டுங்கிறது ஒருத்தர் பிரிச்சுக் குடுத்ததுங்க ஐயா. மெஷின் தன் கையால எழுதுனது வேற. அதைப் பாக்காம ஒரு பொண்ணு மேல பழி போடக் கூடாதுல்ல?"

ஆண்டியப்பன் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "முத்துராஜ், அம்மா கேக்குறதை எடுத்துக் குடு" என்றார். கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் முத்துராஜ் அன்றைக்கு அங்கேயே இருந்தான். திலகவதி கோப்பைத் திறந்து, மூன்று மணி வரை யாரோடும் பேசாமல் படித்தார். மேனேஜர் சரவணக்குமார் இரண்டு முறை டீ கொண்டுவரச் சொன்னார். மெலிந்த, மரியாதையான மனிதர். இரண்டாவது டீயைத் தானே கையில் எடுத்து வந்து, "ஏதாச்சும் தெரியுதா மேடம்?" என்று கேட்டார்.

"தெரியுது சார். எல்லாரும் வரட்டும்."

கமிட்டிக்காரர்கள் வந்து உட்கார்ந்ததும், திலகவதி சுவரிலிருந்த டிவியில் அசல் கோப்பைப் போட்டுக் காட்டினார். செவந்தி உட்காரவில்லை, சுவரோரம் நின்றிருந்தாள்.

"ஐயா, இந்த ரெண்டு வரியையும் நீங்களே சத்தமா படிங்க. நிறுத்தாம, சேத்துப் படிங்க."

ஆண்டியப்பன் எழுந்து போய்க் கண்ணைச் சுருக்கிப் படித்தார். தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தேதியும் நேரமும். அதற்குப் பிறகு:

"மு.சரவணக்குமார். காரணம்: மல்லி லோடு காலையில். செவந்தி லோடு ஏறியாச்சு. நிறுத்தம், அறை ஒண்ணு."

படித்துவிட்டு அப்படியே நின்றார். கூட்டத்தில் யாரோ "அட" என்றார்கள்.

"செவந்தி லோடு" என்று ஆண்டியப்பன் மறுபடி சொன்னார். "இது பூ பேரு ஆச்சே."

"பூவுதாங்க ஐயா" என்றார் திலகவதி. "குளிர் ரூமை இயக்குற பேனல்ல ஒரு வேலையைச் செய்யும்போது காரணம் எழுதச் சொல்லும். மத்தவங்க ஒரு வார்த்தை எழுதுவாங்க. சரவணக்குமார் சார் விவரமானவரு, ரெண்டு வரி எழுதுவாரு. மெஷின் அவர் எழுதுனதை அப்படியே வாங்கி, கடைசியில செஞ்ச வேலையைச் சேத்து எழுதுது. ரெண்டு வரியும் சேந்து ஒரே பதிவு. ஆனா ரிப்போர்ட் போடுற மென்பொருளுக்குக் குடுத்திருந்த விதி என்ன முத்துராஜ்?"

முத்துராஜின் முகம் சுருங்கியது. "ஒரு வரி ஒரு பதிவு. மொத வார்த்தை ஆள் பேரு."

"நேரம் இல்லாத வரி வந்தா?"

"அதுக்கு முந்தின வரியோட நேரத்தை எடுத்துக்கும்."

"அதனாலதான் ஒரே நொடி. ஒரு பதிவை ரெண்டா வெட்டி, ரெண்டாவது துண்டுக்கு ஆள் தேடியிருக்கு. மொத வார்த்தை செவந்தி. இங்க செவந்தின்னு ஒருத்தங்க இருக்காங்க. யாருக்கும் சந்தேகம் வரல. மாசத் தொடக்கத்துல இதே மாதிரி ஒரு துண்டுக்கு மொத வார்த்தை கனகாம்பரம். அப்படி ஒரு ஆள் இங்க இல்ல. யாராவது அன்னைக்கே கவனிச்சிருந்தா இது வெளிய வந்திருக்கும்."

தமிழ்செல்வன் நாற்காலியில் நெளிந்தார். 'தனியா வைக்கணும்' என்று சொன்ன அந்தக் கள்வனை அவர் மீசை முதற்கொண்டு மனதில் வரைந்து வைத்திருந்தார். அது கூடைப் பூ. வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தை, மனைவி பேசுவதைக் கேட்கும் சந்தோஷம் நொடியில் மூடிவிட்டது. அறையில் இருந்த அத்தனை பெரிய மனிதர்களும் மூச்சுக் காட்டாமல் திலகாவைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முத்துராஜ் மேலயும் முழுத் தப்பு சொல்ல முடியாது" என்று திலகவதி தொடர்ந்தார். "பழைய பேனல்ல ஒரு வரிக்கு மேல எழுத முடியாது. அதுக்கு அந்த விதி சரி. பேனலை மாத்துனப்ப விதியையும் மாத்தியிருக்கணும்."

"இப்ப மாத்திரலாங்க" என்றான் முத்துராஜ், அவசரமாக. "வரியில தேதி இருந்தா புதுப் பதிவு, இல்லாட்டி மேல உள்ளதோட சேத்துக்கன்னு போட்டுரலாம்."

"போட்டா வேற எடத்துல வெட்டும். இதப் பாருங்க." அவர் கோப்பைக் கீழே நகர்த்தி ஒரு வரியைக் காட்டினார். யாரோ காரணத்தின் இரண்டாவது வரியை ஒரு முகூர்த்தத் தேதியோடு தொடங்கியிருந்தார்கள். "பூ யாவாரத்துல தேதி இல்லாம பேச்சு ஏது? வரியோட தலையில அடைப்புக்குறி, அதுக்குள்ள தேதியும் நேரமும் நொடி வரைக்கும் முழுசா இருக்கணும். அப்படி இருந்தா மட்டும்தான் புதுப் பதிவு. மெஷின் மட்டுந்தான் அப்படி எழுதும். எந்த மனுசனும் எழுதமாட்டான்."

அவர் விசைப்பலகையில் சின்னதாக ஒரு வரி அடித்தார். மாத ரிப்போர்ட் முழுவதும் புதிதாக ஓடியது. பெயர்ப் பட்டியலில் கனகாம்பரம் இல்லை. இனிஷியல் இல்லாத செவந்தியும் இல்லை. அன்று சாயங்காலம் முதல் அறையை நிறுத்தியதற்கு எதிரே மு.சரவணக்குமார் என்ற பெயர் நின்றது.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். சரவணக்குமார் எழுந்து நின்றார்.

"நான் ரெண்டாவது ரூமைத்தாங்க நிறுத்த நெனச்சேன். கை மாறிப் பட்டிருக்கு. இப்பத்தான் எனக்கே தெரியுது."

"கை மாறுனது நெசம்" என்றார் திலகவதி. "காலி ரூமை நிறுத்தப் போய் நெறைஞ்ச ரூமை நிறுத்திட்டீங்க. அதனாலதான் மறுநாள் காலைல காலி ரூம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அது யாருக்கும் வரக்கூடிய தப்பு. ஆனா இப்பத்தான் தெரியுதுங்கிறது நெசம் இல்ல சார்."

அவர் இன்னொரு பதிவைக் காட்டினார். மல்லி அழிந்த அன்று மதியம், இரண்டாவது அறையை நிறுத்தியவர் மு.சரவணக்குமார். காரணம் என்ற இடம் வெறுமையாக இருந்தது.

"கதவைத் திறந்தாக் கூட ரெண்டு வரி எழுதுறவரு நீங்க. இந்த மாசம் முழுக்க நீங்க காரணம் எழுதாத பதிவு இது ஒண்ணுதான். முந்தின நாளே நிறுத்திட்டதா நீங்க நெனச்ச ரூம், மதியம் வரைக்கும் ஓடுதுன்னா, அதுக்குப் பதிலா எது நின்னுச்சுன்னு ஒங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. என்ன எழுதுறதுன்னு தெரியாம விட்டுட்டீங்க."

சரவணக்குமார் தரையைப் பார்த்தபடி சொன்னார். "சொல்லிரணும்னுதான் தலைவர் ரூம் வரைக்கும் போனேன். அதுக்குள்ள ரிப்போர்ட் எடுக்கச் சொல்லிட்டாங்க, எடுத்தா அதுல செவந்தி பேரு இருக்கு. எப்படி வந்துச்சுன்னு எனக்கே புரியல. ஒரு நாள் தள்ளிப் போட்டேன். அப்புறம் வாய் வரல."

"வாய் வரல" என்றாள் செவந்தி. "என்னைய ஒத்துக்கச் சொல்ல மட்டும் வாய் வந்துச்சே சார்."

ஆண்டியப்பன் மீசையைத் தடவிக்கொண்டு சரவணக்குமாரை வெளியே இருக்கச் சொன்னார். பிறகு செவந்தியைப் பார்த்தார்.

"நடந்தது நடந்து போச்சு. நாளைக்கே வேலைக்கு வந்துரு தாயி."

"வாரேங்க ஐயா. ஆனா நீங்க என் பேரைச் சொன்னது இந்த ரூமுக்குள்ள இல்ல. பூ எடுக்கற களத்துல, மைக்குல சொன்னீங்க. அதே மைக்குல மாத்திச் சொல்லணும்."

கமிட்டியில் ஒருவர் "தலைவரைப் போயி..." என்று ஆரம்பித்தார். ஆண்டியப்பன் கையை உயர்த்தி நிறுத்தினார். அந்த மீசைக்குக் கீழே உதடு இறுகியது தமிழ்செல்வனுக்குத் தெரிந்தது. மைக்கைப் பிடித்துத் தன் சொல்லைத் தானே திரும்ப எடுத்துக்கொள்வது அந்த மனிதருக்கு எவ்வளவு கனம் என்பதும் புரிந்தது.

"சொல்றேன்" என்றார் ஆண்டியப்பன்.

மறுநாள் காலை திலகவதிக்கு வங்கி வேலை இருந்தது. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தமிழ்செல்வன் மட்டும் வண்டியை எடுத்தார். களம் நிறைய ஆட்கள். தார்ப்பாய்களில் மல்லி வெள்ளையாகக் குவிந்திருந்தது. எடைத் தராசுகளைச் சுற்றிச் சத்தம். விலை சொல்லிக்கொண்டிருந்தவரிடமிருந்து ஆண்டியப்பன் மைக்கை வாங்கினார். சுற்றி வளைக்கவில்லை. போன வார மல்லி அழிந்ததற்குச் செவந்தி காரணம் இல்லை, செய்தது அலுவலக மேனேஜர், விசாரிக்காமல் பேர் சொன்னது தன் தப்பு, குளிர் அறைச் சாவி இன்றிலிருந்து மறுபடி செவந்தியிடம் என்றார். சொல்லி முடித்து மைக்கைக் கொடுத்துவிட்டு, சாவிக்கொத்தை அவளிடம் தானே நடந்து போய்க் கொடுத்தார்.

செவந்தி அதை வாங்கிக்கொண்டு கூட்டத்தின் நடுவே நடந்தாள். அவள் தெருப் பெண்கள் இரண்டு பேர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செவந்தி துடைக்கவில்லை. குளிர் அறைக் கதவைத் திறந்து, மூட்டைகளோடு நெருக்கி நின்றவர்களைப் பார்த்து, "ஒவ்வொருத்தரா வாங்க, தள்ளாதீங்க" என்று குரல் கொடுத்தாள். ஆட்கள் வரிசைக்கு வந்தார்கள்.

தமிழ்செல்வன் பார்த்துக்கொண்டே நின்றார். பக்கத்தில் தராசு பிடித்துக்கொண்டிருந்தவர், புது முகமாக இருக்கிறதே என்று இவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாவாரிங்களா? எந்த ஊரு?"

"புதுக்கோட்டைங்க. யாவாரி இல்ல."

"பின்ன?"

தமிழ்செல்வன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, சுற்றி நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் குரலை உயர்த்திச் சொன்னார்.

"நான் திலகவதியோட வீட்டுக்காரர்."